ஜக்கம்மாள் வாய் திறக்கவில்லை

போன வாரம் ஜக்கம்மாளை மூக்கில் ஒரு குழாயும் வயிற்றில் ஒரு குழாயுமாகக் கட்டிலில் சாய்த்து உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். "அந்த மனுஷி பிழைப்பாளா மாட்டாளா, முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதை எழுதுங்கள்" என்று கம்பத்திலிருந்து ஓர் அம்மாள் கண்டிப்பாகக் கேட்டிருக்கிறார். எனக்கும் அதே கவலைதான் அம்மா. வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் பிச்சைமணியின் மனைவி ஜக்கம்மாள். கடையில் தொங்கும் பெயர் அவருடையது. கடையை நடத்துவது இந்த அம்மாள். ஐப்பசியில் காய் பறிப்பு மும்முரமாக இருந்த சமயம் மலைத் தோட்டத்துக்குப் போனவளுக்கு அங்கே வயிற்றுவலி கண்டது. காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு எரியும்போது நகரக்கூடாது என்பது அவள் சட்டம். விளக்கெண்ணெயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். குடல்வால் வீங்கி, உள்ளேயே உடைந்துவிட்டது. போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பில் படுக்க வைத்து இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

டாக்டர் சுந்தரராஜ் அவளைப் பார்த்ததும் முகம் வாடிப் போனார். பருத்த உடம்பு, பல வருஷத்துச் சர்க்கரை வியாதி, களைத்துப்போன இருதயம், வயிறு முழுக்கச் சீழ். முழு மயக்கம் கொடுத்துப் பெரிதாக அறுத்தால் மேஜையிலேயே உயிர் போய்விடும். ஆகையால் முதுகில் ஊசி போட்டு மரக்க வைத்து, சிறியதாக ஒரு கீறல் கீறி, சீழை வடித்து, மிச்சமும் வடியட்டும் என்று ஒரு ரப்பர் குழாயை உள்ளே விட்டுவைத்தார். குடல்வாலை எடுக்கக்கூட அவர் துணியவில்லை.

"இப்போ உயிரைக் காப்பாத்துவோம். குடல்வாலை அப்புறம் பார்ப்போம்" என்றார்.

இவ்வளவுதான் கதை. இனி இன்றைக்கு நடந்தது.

காலையில் லில்லி நர்ஸ் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் ஜக்கம்மாளின் சிறுநீரை நீல மருந்தோடு சேர்த்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினாள். செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை அதிகம். மஞ்சள் என்றால் தேவலை. பச்சை என்றால் நல்ல சேதி. பிச்சைமணி விளக்கின் பக்கத்திலேயே குந்தியிருந்தார். ஏலக்காயின் பச்சையைப் பார்த்து விலை சொல்கிற மனிதருக்கு இந்த வேலை சுலபமாகப் பிடிபட்டுவிட்டது.

"பச்சைதானே தாயி?"

"பச்சையுண்டு, மஞ்ஞயும் உண்டு" என்றாள் லில்லி. அவள் தேவிகுளம் பக்கத்துப் பெண். அவள் பேச்சில் பாதி மலையாளம்.

"எங்க கண்ணுக்குப் பச்சைதான். முதல் தரம்."

எழுந்து போய் மனைவியிடம் சொன்னார். "ஏ புள்ள, இன்னிக்குப் பச்சை."

ஜக்கம்மாள் கண்ணைத் திறந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"என் மூத்திரத்த ஊரு பூராச் சொல்லுங்க. தண்டோராப் போடுங்க."

"ஒங்கிட்டத்தானே சொன்னேன்."

"ஸ்டோர்ல அடுப்ப யாரு பாக்குறது?"

"வீரணன் பாக்குறான்."

"ஒங்க மகந்தானே? தூங்கிருவான். சூடு கூடுச்சுன்னா காய் வெளுத்துப்போகும். வெரசா ஆள் விட்டுப் பாக்கச் சொல்லுங்க. ஒரு வாய் தண்ணி கொண்டாங்க."

"டாக்டர் கூடாதுன்னுட்டாரு."

"டாக்டரா எனக்குத் தாலி கட்டினாரு?"

பிச்சைமணி பஞ்சை நனைத்து அவள் உதட்டில் ஒற்றினார். அவள் கட்டிலில் படுத்த நாளிலிருந்து அவர் காப்பி குடிப்பதில்லை. அவளுக்கு இல்லாதது தனக்கு எதற்கு என்று அவராகவே எடுத்த முடிவு. சொன்னால் அதற்கும் திட்டு விழும் என்று சொல்லாமல் இருந்தார்.

டாக்டர் வந்தார். உப்பியிருந்த வயிற்றில் நாலு இடத்தில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. சீழ் பட்ட குடல் அப்படித்தான், சில நாள் மரத்துப்போய்ச் சும்மா கிடக்கும். அது மறுபடி அசைகிற வரையில் வாய்வழியாக ஒரு சொட்டுக்கூடக் கொடுக்க முடியாது.

"அம்மா, காத்து பிரிஞ்சதா?" என்று கேட்டார்.

ஜக்கம்மாள் முந்தானையை இழுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள். காது வரை சிவந்துவிட்டது.

இந்த இடத்தில் பெரியகருப்பனைச் சொல்லியாக வேண்டும். ஜக்கம்மாளுக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, வெள்ளை மீசை, மடியில் மடித்த துண்டு, அவர்தான். சிலமலையில் விவசாயம். ஜக்கம்மாளின் மருமகள் சந்திரவல்லியைப் பெற்றவர். பெண்டாட்டி இல்லாமல் ஒற்றை ஆளாக அந்தப் பிள்ளையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். சம்பந்தி வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், அவர் எழுந்து கஞ்சி குடிக்கிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் மரியாதை என்பது அவர் கட்சி. உட்கார்ந்துவிட்டார். நகர்த்த முடியாது.

ஜக்கம்மாளோ சம்பந்தி முன்னால் நேராக நின்று ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. கல்யாணப் பேச்சையே கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினாள். அப்பேர்ப்பட்டவளிடம், அப்பேர்ப்பட்டவர் எதிரில், காற்று பிரிந்ததா என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்?

டாக்டர் ஆண்கள் இரண்டு பேரையும் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

"காய்ச்சல் இறங்கல. வயிறும் வடியல. குடல் ஓட ஆரம்பிச்சாப் பிழைச்சுக்குவாங்க. அதுக்கு அடையாளம் காத்து பிரியணும். சாயங்காலத்துக்குள்ள பிரியலன்னா மறுபடி திறந்து பார்த்தே ஆகணும். இந்தத் தடவை சின்னக் கீறல் பத்தாது. முழு மயக்கம் குடுக்கணும்."

"அத அவ தாங்குவாளாய்யா?" என்று பிச்சைமணி கேட்டார்.

"தாங்குவாங்கன்னு என்னால சொல்ல முடியாது." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொம்பளைங்க காதுல போடாதீங்க. பயத்துல படபடப்பு வந்தா அந்த இருதயத்துக்கு ஆகாது."

பாருங்கள், அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்பது இப்போது ஆண்களுக்குத் தெரியும். பதில் சொல்ல வேண்டிய பெண்களுக்குத் தெரியாது. டாக்டர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். எனக்குக்கூட அந்த நேரம் அது சரியென்றுதான் பட்டது.

உச்சிவேளையில் பிச்சைமணி கோயிலுக்குப் போயிருந்தார். பெரியகருப்பன் பெஞ்சிலேயே சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். சந்திரவல்லி வெந்நீரில் துணியைப் பிழிந்து மாமியாரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை. கல்யாணமாகி வந்த புதிதில் ஜக்கம்மாளின் அதட்டலைக் கேட்டு நடுங்கியவள், இப்போது அந்த அதட்டல் இல்லாவிட்டால் சோறு இறங்காது என்கிறாள்.

அப்போதுதான் அது நடந்தது. அமரிக்கையாக நடந்தது என்று என்னால் எழுத முடியாது. நடந்தது, அவ்வளவுதான்.

சந்திரவல்லி தலையைத் தூக்கினாள். ஜக்கம்மாளின் கண் அவளை அப்படியே நிறுத்தியது.

"இது வெளிய தெரிஞ்சுச்சுன்னா, ஒன்னய மலைக்கு மூட்ட கட்டிருவேன்."

"எதுங்க அத்தே? நான் ஒண்ணும் கேக்கலையே."

"அதான் புத்தி. ஒங்கய்யா தூங்குறாரா?"

"தூங்குறாரு."

"நல்லாப் பாரு."

"குறட்டை விடுறாரு அத்தே."

ஜக்கம்மாள் பெருமூச்சு விட்டுத் தலையணையில் சாய்ந்தாள். "வயிறு கொஞ்சம் லேசா இருக்கு ஆத்தா" என்றாள். சந்திரவல்லி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். மாமியாரும் மூக்குக் குழாயோடு லேசாகச் சிரித்தாள். ஆபத்து தாண்டிவிட்டது என்பதற்கான சேதி அதுதான் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

பிற்பகலில் சிலமலையிலிருந்து ஒரு வண்டி நிறைய உறவுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டிருந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார். குழலை வயிற்றில் வைத்தார். புருவம் உயர்ந்தது. காலையில் ஊமையாகக் கிடந்த வயிற்றில் இப்போது கடமுடா என்று சத்தம்.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காத்து பிரிஞ்சதா?"

பத்துத் தலை ஜக்கம்மாள் பக்கம் திரும்பியது. பெரியகருப்பனும் பார்த்தார். அவர் பார்வையில் இருந்தது தவிப்பு. ஜக்கம்மாளுக்கு அது எப்படித் தெரியும்?

"இல்ல" என்றாள் சுவரைப் பார்த்து.

சந்திரவல்லி குனிந்து தரையைப் பார்த்தாள்.

டாக்டர் மறுபடி வெளியே போனார். பிச்சைமணியும் பெரியகருப்பனும் பின்னாலேயே ஓடினார்கள்.

"சத்தம் கேக்குது, ஆனா காத்து வெளிய வரலங்குறாங்க. அப்போ குடல் எங்கேயோ அடைச்சிருக்கு. இது காலையில இருந்ததைவிட மோசம்" என்றார் டாக்டர். "இனிமேல் காத்திருக்க முடியாது. லில்லி, தியேட்டரைத் தயார் பண்ணும்மா."

பிச்சைமணி சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். பெரியகருப்பன் அவர் தோளைப் பிடித்தார். "மாப்ளே, தைரியமா இருங்க" என்றார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு பிச்சைமணி மனைவியிடம் வந்து உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். உறவுக்காரர்கள் மரியாதையாகக் கொஞ்சம் ஒதுங்கினார்கள்.

"ஏ புள்ள."

"என்னாங்க?"

"போன தையில ஒரு செவப்புச் சேலை கேட்டியே. நான் வேண்டாம்னுட்டேன்."

"ஆமா. வயசாயிருச்சுன்னு சொன்னீக."

"எடுத்துருவோம். ஒனக்கு நல்லாத்தான் இருக்கும்."

ஜக்கம்மாள் அவரை உற்றுப் பார்த்தாள். "என்ன சங்கதி? சண்டையே போடாமப் பேசுறீக."

"எப்பவும் சண்டை போட்டுக்கிட்டே இருக்கணுமா?"

"இத்தன வருசம் அப்படித்தானே இருந்தோம். நல்லாத்தானே இருந்தோம்."

பிச்சைமணி அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். அந்த மனிதர் மனதில் கெட்டியாக ஒன்று மட்டும் இருந்தது: இவள் இல்லாத வீட்டுக்குள் தன்னால் நுழைய முடியாது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சேலையைப் பற்றியே இன்னும் இரண்டு தரம் சொன்னார்.

சந்திரவல்லி வெந்நீர் எடுக்கக் கொல்லைப்பக்கம் போனாள். லில்லி பெரிய பாத்திரத்தில் கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் போட்டுக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குக்கா ஆபரேசன்?"

லில்லி ஏறிட்டுப் பார்த்தாள். "அறிஞ்ஞில்லே? உன் அத்தைக்குத்தான்."

"அத்தைக்கா? அவுகளுக்குத்தான் வயிறு லேசாயிருக்கே. எதுக்கு?"

"காத்து போகல்ல அல்லோ. குடல் அடைச்சுப் போயி. அதான் திறந்து பாக்கணும். மயக்கம் குடுத்தா முழிக்குமோன்னு டாக்டருக்கே அறியில்ல."

சந்திரவல்லி கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தாள். "காத்துப் போகலன்னா?"

"போயிருந்தா ஆபரேசனே வேண்டா."

"அக்கா, போயிருச்சுக்கா. மத்தியானமே போயிருச்சு. எங்காதால கேட்டேன்."

லில்லி அவள் கையைப் பிடித்து டாக்டர் அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள். டாக்டர் கேட்டார், உடனே நம்பவில்லை. கத்திக்குப் பயந்து வீட்டுக்காரர்கள் ஏதாவது சொல்வது அவருக்குப் பழக்கம்.

"அவங்க ரெண்டு தடவை என்கிட்ட இல்லைன்னு சொல்லியிருக்காங்க. அடைப்பை விட்டு வச்சா குடல் அழுகிப்போகும். அவங்க வாயாலே சொன்னாத்தான் நான் நம்புவேன்" என்று எழுந்தார்.

வார்டுக்குள் அத்தனை பேரும் அப்படியே இருந்தார்கள். டாக்டரோடு சந்திரவல்லி நுழைவதைப் பார்த்ததுமே ஜக்கம்மாளுக்குப் புரிந்துவிட்டது. மருமகளை ஒரு பார்வை பார்த்தாள். மலைக்கு மூட்டை கட்டுவதோடு நிற்கிற பார்வை இல்லை அது.

சந்திரவல்லி கட்டிலருகே மண்டியிட்டாள்.

"அத்தே, என்னய மலைக்கு அனுப்புங்க, எங்க வேணும்னாலும் அனுப்புங்க. நீங்க இல்லன்னு சொன்னதுனால வயித்தத் தொறக்கப் போறாக. மயக்க மருந்து குடுத்தா நீங்க முழிக்காமப் போனாலும் போயிருவீகளாம். இத யாருமே நம்மகிட்டச் சொல்லல அத்தே."

ஜக்கம்மாள் புருஷனைப் பார்த்தாள்.

"நெசமா?"

பிச்சைமணி தலையைக் குனிந்தார். கண்ணீர் மூக்கோரமாக இறங்கியது.

"அதுக்குத்தான் செவப்புச் சேலையா?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஜக்கம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். ஒரு பக்கம் மானம். இன்னொரு பக்கம் இந்த அழுகிற மனிதர், மண்டியிட்டிருக்கிற இந்தப் பெண், மலையில் அடுப்படியில் தூங்கிக்கொண்டிருக்கிற மகன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. டாக்டரை நேராகப் பார்த்தாள்.

"பிரிஞ்சது டாக்டரய்யா. மத்தியானம். ரெண்டு தரம்."

"ரெண்டாந்தரம் எனக்கே தெரியாதே அத்தே" என்றாள் சந்திரவல்லி அழுகைக்கு நடுவில்.

டாக்டர் கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் சிரித்து அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததில்லை. கண்ணாடி கழன்று விழுகிற மாதிரி சிரித்தார். பிறகு குழலை வைத்து இன்னொரு முறை கேட்டார். வயிற்றை மெதுவாக அழுத்திப் பார்த்தார். காலையில் இருந்த விறைப்பு இல்லை.

"லில்லி, அடுப்பை அணைச்சுடும்மா. தியேட்டர் இன்னிக்கு வேண்டாம்." பிச்சைமணியிடம் திரும்பினார். "முழுசா சந்தோஷப்பட்டுடாதீங்க. காய்ச்சல் இன்னும் இருக்கு. உள்ள ஒரு மூலையில சீழ் தேங்கியிருக்கு. பென்சிலின் ஊசியோட ஸ்ட்ரெப்டோமைசினும் போடுறோம். அதுக்கு அடங்கணும். ஆனா குடல் உயிரோட இருக்கு. இனிமே எனக்கு ஒரு நாள் கைல இருக்கு."

"தண்ணி?" என்றாள் ஜக்கம்மாள்.

"நாளைக்குக் காலையில ஒரு ஸ்பூன். அதுக்கு முன்னால கேட்டா மறுபடி அந்தக் கேள்வியையே கேப்பேன்."

சிலமலைக்காரர்கள் மேல்துண்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிச்சைமணி முகத்திலிருந்து துண்டை எடுத்தார்.

"அடிப்பாவி, இத்தன வருசத்துல எம்முன்னால ஒரு நாளாச்சும் வெக்கப்பட்டிருப்பியா?"

"நீங்க என்ன சம்பந்தியா?" என்றாள் ஜக்கம்மாள்.

பெரியகருப்பன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து கட்டிலின் கால்மாட்டுக்கு வந்து நின்றார். எதைச் சொல்வதானாலும் மகள் மூலமாகவே சொல்லி அனுப்புகிறவர், இன்றைக்கு நேராகவே பேசினார்.

"தங்கச்சி, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. சந்திராவோட ஆத்தா இதே வலியோடதான் கெடந்தா. எங்கய்யா, அதான் அவ மாமனாரு, வாசல்ல உக்காந்திருந்தாரு. அவரு முன்னால வயித்தப் பிடிச்சுக்கிட்டு முனகக்கூட மாட்டேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தா. வைத்தியரு என்ன ஏதுன்னு கேட்டதுக்கெல்லாம் ஒண்ணுமில்லன்னே சொன்னா. நானும் விட்டுட்டேன். வெக்கப்பட்டுக்கிட்டே போய்ச் சேந்துட்டா. நீங்க சொல்லிட்டீக. அது போதும் எனக்கு."

மண்டியிட்டிருந்த சந்திரவல்லி மெதுவாக எழுந்தாள்.

"ஐயா, என்னய பெத்தப்பத்தானே ஆத்தா செத்துச்சுன்னு சொன்னீக?"

பெரியகருப்பன் பெஞ்சுப் பக்கம் நகர்ந்தார்.

"அப்படித்தானேய்யா சொன்னீக. ஊரே அப்படித்தானே சொல்லுச்சு. நான் வந்துதான் ஆத்தா போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டே நான் வளந்தேன்."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். வாசல் பக்கம் திரும்பினார்.

ஜக்கம்மாள் கையை நீட்டி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூக்குக் குழாயோடு, அந்தச் சீக்குக் குரலோடு, சம்பந்தியிடம் முதல் முறையாக நேருக்கு நேர் பேசினாள்.

"போகாதீக அண்ணே. ஊரு முன்னால நான் சொல்லலையா? இப்ப நீங்க இந்தப் புள்ளைக்குச் சொல்லுங்க."

பெரியகருப்பன் வாசலிலேயே நின்றார். பிறகு திரும்பி வந்து, தன் பக்கத்தில் மகளுக்கு இடம் விட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார்.